வளைகாப்பு அன்று ஓடிய துருக்கிப் படம்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் சுத்தக் கப்சா என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். செகண்ட் ஷோ பார்த்துவிட்டு சுடுகாட்டு வழியாக சைக்கிளில் வீடு வந்தவனுக்கு என்ன பயம், சொல்லுங்கள். ஆனால் எங்கள் வசந்தா அக்காவின் வளைகாப்பு அன்று நடந்ததை மட்டும் என்னால் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

எண்பதுகளின் கடைசி. இரும்புலியூரில் எங்கள் வீடு. விசேஷம் என்றால் தாம்பரம் மார்க்கெட் பக்கம் போய் கலர் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து ரிக்‌ஷாவில் கொண்டுவருவது அப்போதைய வழக்கம், நானும் கொண்டுவந்தேன். கேசட் கொடுத்தது பக்கத்து வீட்டு ஜமீலா அக்கா. அவர் புருஷன் துபாயில் வேலை, லீவில் வரும்போதெல்லாம் கொண்டுவந்த கேசட்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. அதில் ஒன்றின் அட்டையில் சிவப்பு முக்காடு போட்ட மணப்பெண், இரண்டு கையிலும் மருதாணி. எழுத்து மட்டும் ஒருத்தருக்கும் புரியவில்லை.

"கல்யாணப் படம்டா. வளைகாப்புக்கு மங்களகரமா இருக்கும், அதையே போடு" என்றாள் அம்மா.

அது துருக்கி நாட்டுப் பேய்ப் படம் என்பது ஜமீலா அக்காவின் புருஷன் அடுத்த லீவில் வந்து தலையில் அடித்துக்கொண்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

வளையல் அடுக்கி, கலவை சாதம் சாப்பிட்டு, பெண்களெல்லாம் பாயில் உட்கார்ந்தார்கள். நல்ல மத்தியான வெயில். படத்தில் மணப்பெண்ணுக்கு மருதாணி வைத்தார்கள், கும்மாளம் போட்டார்கள். "பொண்ணு மூக்கும் முழியுமா நல்லாத்தான் கீது" என்று முடிச்சூர் பெரியம்மா சர்டிபிகேட் கொடுத்தார். அப்புறம் மாப்பிள்ளை முக்காட்டைத் தூக்கினான். உள்ளே முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் என்ன இருந்தது என்று சொல்லி உங்கள் சாப்பாட்டைக் கெடுக்க வேண்டாம்.

"மாசமா இருக்கறவ இதெல்லாம் பாக்கக் கூடாது" என்று அம்மா அக்காவை எழுப்பி உள் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு வந்து தானும் உட்கார்ந்து பார்த்தாள், அதுதான் வேடிக்கை. அந்தப் பெண் ஒவ்வொருத்தராக அறுத்துக்கொண்டே போகிறாள், இங்கே ஒருத்தி தயிர்சாதத்தை முற்றத்தில் வாந்தி எடுக்கிறாள், "எல்லாம் தக்காளிப்பழம்டி" என்று மாமா ஒருவர் எச்சில் விழுங்குகிறார், பெரியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு துணிக்குள்ளேயிருந்து பார்க்கிறார். ஜமீலா அக்கா அவமானத்தில் வாயே திறக்கவில்லை. நிறுத்து நிறுத்து என்று எல்லோரும் சொன்னார்கள், ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அம்மாதான் பிளக்கைப் பிடுங்கினாள். படம் பாதிகூட ஓடவில்லை.

சொந்தக்காரர்களெல்லாம் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்கள். நான் டிவியையும் டெக்கையும் கடையில் விட்டுவிட்டுத் திரும்பினேன். அம்மா பின்னால் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் பாய்கூடச் சுருட்டியாகிவிட்டது. அக்கா கதவைத் திறந்துகொண்டு கோபமாக வெளியே வந்தாள்.

"படம் இப்பதான் முடிஞ்சுதா? தூங்க வுடாம இன்னா கத்து!"

"யாருக்கா கத்தினது?"

"பெரியம்மா 'ஐயோ, இவ்ளோ ரத்தமா'ன்னாங்க. அப்புறம் ரொம்ப நேரம் ஒருத்தரும் பேசல. அப்புறம் ஜமீலா அக்கா 'வாயத் தொறந்துட்டான்'னு கத்தினாங்க. உடனே நீ சிரிச்ச. சிரிப்பா அழுகையான்னே தெரியல, லூசு மாதிரி. கடைசியா ஒரு ஆம்பள கொரலு. 'அம்மா, நீ பாக்காத'ன்னுச்சு. அது யார்டா, நம்ம தெருப் பையனா?"

அன்று நான் சிரிக்கவே இல்லை. பெரியம்மாவும் ஜமீலா அக்காவும் அப்படி எதுவும் சொல்லவில்லை. கனவு கண்டிருப்பாள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒன்பதாம் மாதம் முடிவதற்குள் அவளுக்கு வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தாயா பிள்ளையா என்று எதுவும் சொல்ல முடியாது என்றுவிட்டார். அக்கா போய்விடுவாள் என்றே நான் நினைத்தேன். நர்ஸ் ஒருத்தி துணிகளை வாளியில் போட்டு எங்கள் முன்னால் எடுத்துப் போனாள். "ஐயோ, இவ்ளோ ரத்தமா" என்றார் பெரியம்மா. அதற்குப் பிறகு யாருக்கும் பேச்சு வரவில்லை. குழந்தை பிறந்துவிட்டது என்றார்கள், ஆனால் அழுகைச் சத்தம் இல்லை. கதவு இடுக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஜமீலா அக்கா திடீரென்று, "வாயத் தொறந்துட்டான்!" என்று கத்தினார். பிள்ளை வீறிட்டான். நான் சிரித்தேன், கண்ணீர் கொட்டுகிறது, சிரிப்பு நிற்கவில்லை. பாதிச் சிரிப்பில்தான் எனக்கு உறைத்தது.

வார்டில் அக்கா கண் விழித்து என்னைப் பார்த்தாள். "நீ சிரிச்சது உள்ள கேட்டுது" என்றாள். மிச்சம் இருந்த அந்த ஆம்பளைக் குரலைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தற்செயல் என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், பையன் வளர்ந்து குரல் உடைகிறவரை.

ஒருநாள் வாசலிலிருந்து "அம்மா" என்று கூப்பிட்டான். புதுக் குரல், கட்டைக் குரல். அக்கா கையிலிருந்த சாம்பார்ப் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டாள். என் பக்கம் திரும்பி, "இதாண்டா அந்தக் கொரலு" என்றாள்.

அவனுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. 'நீ பாக்காத' என்ற அந்த வார்த்தையை அவன் இன்னும் சொல்லவில்லை. எதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லப் போகிறான் என்பதும் எங்களுக்குத் தெரியாது. அவன் "அம்மா" என்று ஆரம்பித்தால் அக்கா செய்கிற வேலையை விட்டுவிட்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "பசிக்குது" என்று அவன் முடித்த பிறகுதான் மூச்சு விடுவாள்.