‘வேலைக்குத் தகுதியற்றவர்’களுக்கு உரைபெயர்த்த காலம்

உரைபெயர்ப்பாளராகச் சேர்ந்த முதல் மாதமே ஒன்று விளங்கிவிடும்: இரண்டு பக்கத்துக் கோபமும் நடுவில் இருக்கிறவர் தலையில்தான் விழும். அம்மாவுக்காகவோ பக்கத்து வீட்டு அன்ரிக்காகவோ ஏதாவதொரு கவுண்டரில் நின்று, ‘இவ என்ன சொல்லுறா எண்டால்...’ என்று இழுத்த உங்கள் எல்லாருக்கும் இந்த வேதனை தெரியும். தொண்ணூறுகளில் நான் கனடாவின் ஸ்காபரோவில், உடல் இயலாதவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிற, வேலை தேடிக்கொடுக்கிற அலுவலகங்களில் தமிழ் உரைபெயர்த்தேன்.

அந்தச் சொல்

சிவபாலன் அண்ணை யாழ்ப்பாணத்தில் மின்சார வேலை செய்தவர். ஷெல் விழுந்து முதுகெலும்பு அடிபட்டு, சக்கர நாற்காலியில் கனடாவுக்கு வந்தவர். அந்த நாளில் உதவித்தொகை வேண்டுமென்றால் ‘நிரந்தரமாக வேலைக்குத் தகுதியற்றவர்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதிகாரி அதை ஆங்கிலத்தில் வாசித்தார். கொஞ்சம் மெதுமையாக்கிச் சொல்லலாமோ என்று பார்த்தேன். எங்கள் தொழிலில் அதற்கு இடமில்லை. உள்ளபடியே சொன்னேன்.

வாடகையும் பிள்ளைகளின் குளிர் உடுப்பும் அந்தக் கையெழுத்தில்தான் தொங்கின. அண்ணை பேனாவை எடுத்துக் கையெழுத்து வைத்தார். “நான் இதை நம்பேல்லை எண்டும் அவவிட்டைச் சொல்லுங்கோ, பிள்ளை” என்றார். சொன்னேன். அதிகாரி தலை குனிந்தபடி, “நானும் நம்பவில்லை” என்றார். அதையும் தமிழாக்கினேன்.

சில வருஷம் கழித்துச் சட்டம் மாறி, அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். அப்போது அண்ணை ஒரு பிளாசாவில் ரிவிப் பெட்டி திருத்துகிற கடையில் பகுதிநேரமாக இருந்தார். நேரில் போய்ச் செய்தியைச் சொன்னேன். திருத்திக்கொண்டிருந்த ரிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: “அவையளுக்கு உது இப்பதானோ விளங்கினது?”

ஃபோர்க்லிஃப்ட்

குகனுக்குப் பிறவியிலேயே காது கேளாது. அலுவலகம் நல்ல மனதோடு சைகை மொழிக்காரர் ஒருவரையும் பிடித்து அனுப்பியிருந்தது. அந்தச் சைகை குகனுக்குத் தெரியாது. சின்ன வயதில் தமக்கை வசந்தியும் அவனும் தாங்களே உண்டாக்கிய சைகைதான் அவனுக்கு மொழி. ஆகவே தளபாடத் தொழிற்சாலையில் நேர்முகம் நடந்தபோது, மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் கேட்பார், நான் தமிழில் சொல்வேன், வசந்தி கையால் சொல்லுவாள். பதில் அதே வழியால் திரும்பி வரும்.

மேற்பார்வையாளருக்கு ஒரு பயம் இருந்தது. பலகை தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வந்தால் இவனுக்கு எப்படித் தெரியும்? வசந்தி சொல்லி முடிக்க முதலே குகன் எழும்பிப் போய், வண்டி வருகிற வழிக்கு முதுகு காட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். மேற்பார்வையாளர் சாரதியைப் பார்த்துத் தலையசைத்தார். வண்டி மெல்ல வந்தது. தூரத்தில் வரும்போதே குகன் கையை உயர்த்திவிட்டு விலகினான். சீமெந்து நிலத்தின் அதிர்வு அவனுடைய காலுக்குத் தெரிந்திருக்கிறது.

“எதற்கும் வண்டிக்கு மினுங்குகிற விளக்கு ஒன்று பூட்டுவோம்” என்றார் மேற்பார்வையாளர். அது வசந்தியின் கைக்குப் போனதும் குகன் அவளைப் பார்த்து இரண்டு விரலை ஆட்டினான். அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள்: “விளக்குப் பூட்டும்வரைக்கும் வேலை தொடங்காமல் நான் நிண்டுகொண்டே இருக்கிறதோ எண்டு கேக்கிறான், அக்கா.”

மருந்து அட்டை

ராசமலர் அக்கா மட்டக்களப்பு. கண் தெரியாது, நீரிழிவும் உண்டு. ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு கடைக்கு வருகிற தமிழ் அழைப்புகளை எடுத்துப் பேசுகிற வேலை அவருக்குக் கிடைத்தது. ஆனால் சம்பளம் வந்தால் உதவித்தொகை நிற்கும். அதோடு இலவசமாக இன்சுலின் வாங்குகிற மருந்து அட்டையும் பறிபோகலாம். “மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன், அதுவரை பொறுங்கள்” என்றார் அதிகாரி. அவர் மல்லுக்கட்டி அட்டையைக் காப்பாற்றிக் கொடுத்தது பிறகு நடந்தது. அக்கா அதற்குக் காத்திருக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமையே வேலைக்குப் பஸ் ஏறிவிட்டார்.

எனக்குப் பயத்தில் கோபமே வந்தது. உரைபெயர்ப்பாளர் அபிப்பிராயம் சொல்லக்கூடாது என்பதை மறந்து, “கொஞ்சம் பொறுத்திருக்கலாமே, அக்கா?” என்று கேட்டுவிட்டேன். அவர் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்: “போனில பேசின ஒருத்தரும் என்னைப் பாவம் எண்டு சொல்லல்ல புள்ள, அதை எப்படி நான் விடுற?”

இத்தனை வருஷம் என் வாயால் வந்த நல்ல வசனமெல்லாம் இவர்களுடையவை. சம்பளக் காசோலை மட்டும் ஒவ்வொரு முறையும் தவறாமல் என் பெயருக்கே வந்தது.