என் மனைவிக்கு வாய் தந்த கண்ட்ரி மெட்டு

ஆண்டவரை நம்பியிருக்கிற என் உறவுகளுக்கு, ஒஸ்லோவிலிருந்து அந்தோனிப்பிள்ளை எழுதுவது.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு, பனி கொட்டத் தொடங்கின நேரம், என் மனைவி றோசுக்குப் பாரிசவாதம் அடித்தது. ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் எங்கள் வீட்டுக் குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டு நின்றவ. விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். வாய் ஒரு பக்கம் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றித் தந்தார்கள். பேச்சு வரவில்லை.

என்ன சொல்ல நினைத்தாலும் "வா" என்ற ஒரு சொல்தான் வந்தது. தண்ணீர் வேணும் என்றாலும் வா. என்னைப் போகச் சொல்லவும் வா. சொல்லிப்போட்டு, பிழையாகச் சொன்னேன் என்று அவவுக்கே விளங்கும். அழுவா. விளக்கம் முழுக்க இருந்தது, பாருங்கோ. அதுதான் கொடுமை.

நான் ஆரென்று கொஞ்சம் சொல்லவேணும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் மீன் வெட்ட வந்தனான். அங்கே வெள்ளைக்காரர் எந்த நேரமும் றேடியோவில் கண்ட்ரி பாட்டுப் போடுவார்கள். குதிரை, லொறி, விட்டுப்போன பெண்சாதி, இதுதான் பாட்டு. மற்றத் தமிழர் காதைப் பொத்தினார்கள். நான் கேட்டேன். கிற்றாரை ஆரும் பழக்கவில்லை, நானே பழகினேன். இங்கிலீசைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கினேன். பாதிக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் நான் பாடினால் லொறிக்காரர் அழுவார்கள். ஒஸ்லோவுக்கு வந்த பிறகு ஒவ்வொரு கோடையும் மேடைதான். சொந்தமாகவும் பாட்டுக் கட்டினேன். அதில் ஒன்று றேடியோவிலும் போனது. தொப்பியும் பூட்சும் போட்டு நோர்வேக்காரனுக்குக் கண்ட்ரி பாடின வேறொரு யாழ்ப்பாணத்தானைக் காட்டுங்கோ பார்ப்போம்.

றோசுக்கு மட்டும் பிடிக்காது. "இஞ்சாருங்கோ, மாடு கத்துற மாதிரிக் கிடக்கு. கதவைச் சாத்திப்போட்டுக் கத்துங்கோ" என்பா.

அந்த வாய் அடைத்துப்போனது. அவவின் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று நேர்த்தி வைத்தேன். "ஆண்டவரே, என்னட்டை இருக்கிறதிலை பெரிசு என்ரை பாட்டு. அதை எடுத்துக்கொள்ளும். இவவின்ரை பேச்சைத் தாரும்." அடுத்த கோடைக்கு ஒப்புக்கொண்ட மேடைகளை எல்லாம் வேண்டாம் என்று சொன்னேன். கிற்றாரைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். குளிக்கிற நேரம்கூட முணுமுணுக்கவில்லை.

பேச்சுப் பழக்குகிற பிள்ளை வந்து படங்களைக் காட்டிப் பழக்கினா. ஒன்றும் நடக்கவில்லை. குளிர்காலம் முழுக்க வீடு செத்த வீடு மாதிரிக் கிடந்தது.

தவக்காலத்தில் எங்கள் தமிழ்ச் சுவாமி நோயாளிகளின் வீடுகளுக்கு வந்து பாவசங்கீர்த்தனம் கேட்பார். எங்களிடமும் வந்தார். "அம்மா, வாயாலை சொல்லத் தேவையில்லை. மனதிலை நினையுங்கோ, ஆண்டவருக்குத் தெரியும்" என்று சொல்லி மன்னிப்பு வழங்கினார். றோஸ் தலையை ஆட்டி மறுத்தா. சுவாமியின் அங்கியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "வா, வா, வா."

அவவுக்கு எதையோ வாயால் சொல்லவேணும். என்னவென்று எனக்கும் தெரியாது. இன்னொரு முறை அடித்தால் தாங்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவவுக்கும் கேட்கத்தக்கதாகப் பக்கத்தில் நின்றுதான் சொன்னார். சொல்லாமலே செத்துப்போவேனோ என்ற பயம் அந்தக் கண்ணில் இருந்தது. சுவாமி போன பிறகு நான் மாதா படத்துக்கு முன்னால் நின்று ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். "நான் தந்தது உமக்குக் காணாதோ?"

அன்றிலிருந்து றோஸ் இடது கையால் கட்டிலுக்குக் கீழே காட்டத் தொடங்கினா. கிற்றாரைத்தான் கேட்கிறா என்று விளங்கியது. "ஏலாது றோஸ், நேர்த்தி. நீர் விளங்கிக்கொள்ளும்" என்றேன். தலையணையால் எறிந்தா. அடுத்த நாளும் எறிந்தா. எங்கள் மகள் டிலானி பார்த்துவிட்டு, "அப்பா, அம்மா உங்கடை பாட்டைக் கேக்கிறா. இதைவிட என்ன அற்புதம் வேணும் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

பயந்து சுவாமிக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, பாடுறதை நிப்பாட்டச் சொல்லி ஆண்டவரே கேட்டவர்?"

"இல்லைச் சுவாமி. நானாத்தான் குடுத்தனான்."

"அவர் கேட்டிருக்க மாட்டார். உங்கடை மேல் வீட்டுக்காரர்தான் கேட்டிருப்பினம். நேர்த்தியிலையிருந்து உங்களை நான் விடுவிக்கிறன். போய்ப் பாடுங்கோ."

கிற்றாரை எடுத்துச் சுதி சேர்த்தேன். றேடியோவில் போன என் பாட்டையே எடுத்தேன். மூன்று தாளத் தட்டில் ஆறுதலாக, மெல்லப் போகிற மெட்டு. றோசின் உதடு அசைந்தது. திரும்ப வருகிற அடியில் குரல் வந்தது. சொல் வந்தது. நான் இங்கிலீசைப் பிழையாக உச்சரிக்கிற இடத்தில் அவவும் அதே பிழையோடு பாடினா. கதவைச் சாத்தச் சொன்னவ இத்தனை வருசமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறா! கிற்றாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

பேச்சுப் பழக்குகிற பிள்ளையிடம் சொன்னேன். மூளையில் பாட்டுக்கு வேறு இடம் உண்டாம், சிலருக்கு இப்படி வருமாம். இருக்கட்டும். அந்த இடத்தை வைத்தது ஆர்?

பிறகு நாளாந்தம் அந்த மெட்டில் தமிழ்ச் சொற்களை வைத்துப் பழக்கினோம். கதைக்கச் சொன்னால் "வா" மட்டும்தான். இழுத்துப் பாடினால் மெல்ல மெல்லச் சொல் வரும். செபமாலை தொடங்கின ஒரு பின்னேரம், தன்பாட்டில் முதல் வசனம் பாடினா: "தொப்பியைக் கழட்டுங்கோ, செபம் சொல்லுற நேரம்." டிலானி சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள். நான் கழட்டினேன்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள்களில் சுவாமி திரும்ப வந்தார். "நீங்கள் வெளியிலை நில்லுங்கோ அண்ணை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். உள்ளே றோஸ் பாடத் தொடங்கினா. அடுத்தவரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கக் கூடாது. குசினிக்குப் போய்த் தண்ணீர்ப் பைப்பை முழுக்கத் திறந்துவிட்டேன். சொற்கள் மறைந்துபோயின. மெட்டு மட்டும் வந்தது, என்னுடைய மெட்டு. ஓரிடத்தில் நின்றது. உள்ளே ஓடிப்போவோமோ என்று கதவைப் பார்த்தேன். திரும்ப அதே அடியிலிருந்து தொடங்கிக் கடைசிவரை பாடினா.

சுவாமி வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. என் தோளில் கை வைத்தார். உள்ளே போனேன். விழுந்த நாளுக்குப் பிறகு அவ அப்படி நிம்மதியாக நித்திரை கொண்டதை அன்றுதான் கண்டேன்.

பாஸ்கா, உயிர்ப்பு ஞாயிறு, முடிந்த பிறகு இரண்டாம் முறை அடித்தது. அதோடு போய்விட்டா. நான் பேச்சைக் கேட்டது அவ என்னோடு கதைத்துக்கொண்டு இருக்கவேணும் என்று. அது கிடைக்கவில்லை. அவ கேட்டது கிடைத்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க எனக்கு இன்னும் ஏலாது. விடிய எழும்பிக் குசினிக்குள் போனால் தண்ணீர்ப் பைப்பைத் திறக்காமலே திரும்பி வந்துவிடுகிறேன். ஆனாலும் எங்கள் செபம் கேட்கப்பட்டது என்று எந்தச் சபையிலும் எழும்பி நின்று சொல்லுவேன்.

அடுத்த கோடையில் மேடைக்காரர் வந்து கேட்டார்கள், கெஞ்சினார்கள் என்றே சொல்லலாம். அந்தப் பாட்டைத்தான் கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இந்தமுறை நேர்த்தி அல்ல. அந்த மெட்டுக்குள் றோஸ் ஆண்டவருக்குச் சொன்னது இருக்கிறது. அதைக் கூட்டத்துக்கு முன்னால் பாட எனக்கு உரிமை இல்லை. பேரோடு இருந்த பாடகன் பேரோடேயே நிறுத்தினான். இப்போது ஆராவது படுக்கையில் கிடக்கிறார்கள், பேச்சில்லை என்றால், கிற்றாரோடு போவேன். வேறு மெட்டுகள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

உங்கள் வீட்டிலும் வாய் திறக்க முடியாமல் ஒரு உயிர் கிடந்தால், மனம் விடாதேங்கோ. ஆண்டவரோடு பேரம் பேசாதேங்கோ, நான் பேசிப் பார்த்தனான். செபம் சொல்லுங்கோ. சொல்லிவிட்டு, அந்த உயிர் எந்தப் பக்கம் கை காட்டுகிறது என்று பாருங்கோ.