நூலக்கா கொண்டுவந்த மண்

வேர்களை ஆராயும் அந்தக் கூடத்தில் எல்லோரும் அவரை நூலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முளைத்த பயற்றைத் தண்ணீரில் அலசி, வேர் அறாமல் கறுப்புத் தட்டில் கிடத்தி, அதன் வளைவு நெளிவோடு ஈரநூலை வைத்துப் பிடித்து, பிறகு நூலை ஸ்கேலில் நீட்டி அளப்பார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தட்டுகூட மாறியதில்லை. அந்த நல்ல பேரைத் தவிர அங்கே அவருக்கு வேறு சொத்து கிடையாது.

இந்த முறை அருமண் தனிமங்கள். லந்தனம், சீரியம் என்று வாயில் நுழையாத பேர்கள். துளி கலந்தால் வேர் மளமளவென்று இறங்கும். அளவு கூடினால் அப்படியே நின்றுவிடும். ஒப்பிட்டுப் பார்க்க, எதுவுமே கலக்காத மண்ணில் ஒரு தட்டு வேண்டும். கூடத்து மண் தீர்ந்துபோயிருந்தது. உரமே காணாத மண் என் வீட்டுக் கொல்லையில் இருக்கிறதே என்று நூலக்காதான் ஒரு வாளி கொண்டுவந்தார்.

ஏழாம் நாள் அளந்தால், கலக்காத தட்டில் வேர் ஒரு விரற்கடைகூட இல்லை. நுனியெல்லாம் பழுப்பு. தட்டு மாறிவிட்டது, இனி வேறு யாராவது அளக்கட்டும் என்று கூடத்துப் பொறுப்பாளர் மேடம் பக்குவமாகத்தான் சொன்னார். நூலக்காவுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அந்தப் பழுப்பு நுனிகளைப் பார்த்ததும் வீட்டுக் கீரைப் பாத்திதான் நினைவுக்கு வந்தது. அவர் கணவருக்கு அருமண் பிரிக்கும் ஆலையில் மூட்டை கட்டும் வேலை. அந்தச் சட்டை துவைத்த தண்ணீரை வீணாக்குவானேன் என்று தினமும் கொல்லையில் அந்தக் கீரைப் பாத்தியில்தான் ஊற்றுவார் நூலக்கா. கீரை தலையெடுக்காததற்குத் தன் கைராசியையே இத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தார்.

"தட்டு மாறல மேடம். எங்க வீட்டு மண்ணைச் சோதிச்சுப் பாருங்க. அதுல அருமண் இருக்கு."

"வீட்டு மண்ணுக்கு அது எப்படி வரும்?"

"எங்க வீட்டுக்காரர் சட்டையில வரும்."

சோதித்தார்கள். இருந்தது. மேடம் மன்னிப்புக் கேட்டு நூலை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பேர் தப்பியது. சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று நூலக்காவுக்குத் தெரிந்தது; ஆனால் ஒன்றும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமும் கணவர் சட்டையைக் கழற்றி வாளியில் போட்டார். நூலக்கா துவைத்துக் காயப்போட்டுவிட்டு, பழக்கத்தில் வாளியோடு பாத்திவரை போய்விட்டார். பிறகு வாய்க்கால் பக்கம் திரும்பினார். அது பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குப் போகிற வாய்க்கால்.

"என்ன அங்கயே நிக்கிற?" என்றார் கணவர் உள்ளேயிருந்து.

"இதை எங்க ஊத்துறதுன்னு தெரியலங்க."