அண்ணனின் மைக்கில் ஒரு மூச்சு

அண்ணனின் ஹெட்போன் பாறசாலை வீட்டின் உள்ளறையில், ஆணியில் இன்னும் தொங்குகிறது. இடது காதுப் பஞ்சு பிய்ந்து, அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். புதிது வாங்கினால் என்ன என்று கேட்டால், "இதுக்கு எனக்க காது தெரியும்லே" என்பான். அப்புறம் அதைப் பற்றிப் பேச விடமாட்டான்.

எங்கள் ராக் பேண்டின் பாடகன் அவன். நான் பேஸ் கிட்டார். டிரம்ஸ்காரனும் கீபோர்டுக்காரனும் எங்களோடு சபைப் பாடகர் குழுவில் வளர்ந்தவர்கள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அண்ணன் மூச்சை இழுப்பது கோயிலின் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். பாட்டு வாத்தியார் திட்டித் திட்டி ஓய்ந்துபோனார். "மூச்சு விடாம பாட நான் என்ன ரேடியோவா சாரே?" என்று சிரிப்பான். எங்கள் ஆல்பத்தில் கடைசிப் பாட்டு மட்டும் மிச்சம் இருந்தபோது, பனச்சமூட்டிலிருந்து பைக்கில் வந்தவனை லாரி இடித்தது. வீட்டுக்கு உயிரில்லாத உடம்பாகத்தான் வந்தான்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பாடகர் குழுவில் ஒருவர் இறந்துபோனால், அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை அவருடைய வரிகளை யாரும் பாடமாட்டோம். அவர் நிற்கும் இடத்தைக் காலியாக விட்டு, அந்த வரிகள் முடியும்வரை கண்ணை மூடி நிற்போம். ஆர்கன் மட்டும் போகும். எங்களுக்குத் தெரிந்த மரியாதை அதுதான். கடைசிப் பாட்டையும் அப்படியே பதிவு செய்தோம். பல்லவியை நாங்கள் மூவரும் பாடினோம். அவனுடைய சரணத்தில் கண்ணை மூடிக்கொண்டோம், கீபோர்டு மட்டும் மெல்லப் போனது. வீட்டு மாடியில் மெத்தைகளைச் சுவரில் சாய்த்து உண்டாக்கிய ஸ்டுடியோ அது. கதவோரம் அவனுடைய மைக் நின்றது. அதை அணைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

பிறகு கேட்டபோது, அந்தச் சரணம் தொடங்கும் இடத்தில் ஒரு மூச்சு இருந்தது. அண்ணன் இழுப்பது போலவே. கீபோர்டுக்காரன் ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டான். எங்கள் மூவரின் மூச்சும் அல்ல அது, நாங்கள் அந்த மைக்கிலிருந்து தூரத்தில் இருந்தோம். அதை நீக்கவேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

ஆல்பம் பிய்த்துக்கொண்டு போனது. பூவார் படகுகளில் அதுதான், களியக்காவிளை பஸ்ஸில் அதுதான், கல்லூரி விழாக்களில் அதுதான். செத்தவன் திரும்பி வந்து விட்ட மூச்சு என்று பிள்ளைகள் இணையத்தில் எழுதினார்கள். என்னிடம் கேட்டால் சிரித்து மழுப்புவேன். நானும் பாதி நம்பினேன். பாதி என்று சொல்வதுகூட மானத்துக்காகத்தான். அவனை நினைத்து நெஞ்சடைக்கும்போதெல்லாம் அந்த மூச்சைக் கேட்பேன், அடங்கும்.

இந்த வருஷம் எர்ணாகுளம் இசைக் கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு யோசனை வந்தது. காலியாக இருக்கும் சரணத்தைப் பெரிய சினிமாப் பாடகர் ஒருவரை வைத்துப் பாடவைத்து, ஆல்பத்தை மறுபடி வெளியிடலாமாம். டிரம்ஸ்காரன் சரி என்றுவிட்டான். பாட்டை எழுதியது அண்ணன், ஆகவே அவன் பெண்டாட்டி, எங்கள் மைனியின் சம்மதம் வேண்டும். மைனி இத்தனை காலமும் அந்தப் பாட்டை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். மைனி ஆணியிலிருந்து ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு, "போடு தம்பி" என்றாள்.

சரணம் வந்தது. அவள் முகம் மாறியது.

"அந்த எடத்துல ஆளு உண்டு தம்பி. வேற ஆளு வேண்டாம்."

"அண்ணன்தானே மைனி?"

"நானாக்கும். அன்னைக்கி உங்களுக்குச் சாயா கொண்டு வந்தேன். எல்லாரும் கண்ண அடச்சுகிட்டு நின்னிய. அவருக்க மைக்கு தனியா நின்னுது. அவருக்காக நான் பாடிரலாம்னு, அவரப் போலயே மூச்ச இழுத்தேன். பாட்டு வரல்ல. சாயாவ வெளிய வச்சிட்டு எறங்கிப் போயிட்டேன்."

முடியாது என்று கம்பெனிக்குச் சொல்லிவிட்டேன். மைனிக்கு அந்தப் பாட்டில் அவளுடைய இடம் மிஞ்சியது. எனக்குத்தான் அண்ணன் அன்று இன்னொரு தடவை செத்தான்.

ஆனாலும் அந்த ஹெட்போனை எடுத்து மாட்டாமல் இருக்க முடியவில்லை. டேப் காதில் உறுத்தும். சரணம் வருவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொள்கிறேன். திறந்தால் மைக் முன்னால் நிற்பது யார் என்று எனக்குத் தெரியும். மூடியிருக்கும்வரை அவன்தான்.