ரெஜினா டீச்சரோடு நடந்த லியோன்

போன சனிக்கிழமை காலை அறந்தாங்கி மீன் கடையில், கட்டுமாவடியிலிருந்து வந்த கொடுவாயைச் செவுள் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பிரான்சிலிருந்து ரெஜினா டீச்சரின் மகள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள். மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். அவரோடு வேலை பார்த்த நம் எல்லோருக்கும் அன்றைக்கே செய்தி வந்திருக்கும். ஒருமுறை ஊருக்கு வந்துபோக அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பதும் நமக்குத் தெரியும். அவர் வராமல் போனதற்கு நான்தான் காரணம் என்பது உங்களுக்குத் தெரியாது.

ஆவூர்க்காரர். நம் பள்ளியில் அவர் புவியியல், நான் கணக்கு. ஓய்வுக்குப் பிறகு மகளோடு இருக்க லியோன் நகரத்துக்குப் போனவர், நான்கு வருஷத்துக்கு முன் என்னை வம்படியாக வரவழைத்துப் பத்து நாள் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஏற விட்டால்தானே! "மேப்புல காட்டுனது போதும் டீச்சர். ஊருன்னா காலால படிக்கணும்" என்பார். சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டும் அவர் வாங்கித் தந்த ஷூவுமாக நடந்தேன். இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஊர். மலைமேல் இருந்த மாதா கோயிலுக்குப் படி ஏறும்போது மூட்டு கெஞ்சியது. "குடுமியான்மலை ஏறுன காலுதானே, ஏறுங்க" என்று முன்னால் போய்விட்டார். பழைய தெரு ஒன்றில் யார் வீட்டுக் கதவையோ தள்ளினார். உள்ளே ஒரு நடை, முற்றம், மறுபடி நடை. வெளியே வந்தால் அடுத்த தெரு! "அடி ஆத்தீ" என்று நின்றுவிட்டேன். அந்த ஊரில் அப்படித்தான் குறுக்கு வழியாம்.

மத்தியானம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. ஆற்று மீனை மசித்துக் கொழுக்கட்டைபோல வேகவைத்து, மேலே இறால் வாசமடிக்கும் குழம்பு ஊற்றியிருந்தார்கள். "கட்டுமாவடி மீனுக்கு இது உறை போடக் காணாது" என்று பிகு பண்ணிக்கொண்டே தட்டை வழித்தேன். கடைக்கார அம்மா ரோஸ் நிறத்தில் ஒரு பாதாம் இனிப்பைக் கொண்டுவந்து வேண்டுமா என்று கேட்டார். எனக்கு நாக்கு ஊறியது. ஆனால் கை தானாகத் தட்டை மறைத்து, தலை வேண்டாம் என்று ஆடியது. நம் பக்கத்தில் அதற்கு, இன்னொரு தரம் கேளுங்கள் என்றுதானே அர்த்தம்? அந்த அம்மா இனிப்போடு போயே போய்விட்டார். டீச்சருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "இங்கிட்டு வேணாம்னா வேணாந்தான் டீச்சர். ஒரு தரந்தான் கேப்பாங்க. நானும் வந்த புதுசுல இப்புடித்தான் வவுத்தக் காயப்போட்டேன்" என்று சொல்லி, அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டு வாங்கித் தந்தார்.

ஊருக்கு வந்த பிறகு நானும் யாரையும் ஒரு தரம் மட்டுமே கேட்டேன். பெரிய நாகரிகம் கற்றுவிட்டதாக நினைப்பு.

போன ஈஸ்டருக்கு முன்னால் போன் பண்ணினார். "ஆவூர்ல ஈஸ்டர் பாத்து எத்தன வருசமாச்சு" என்றார்.

"கெளம்பி வாங்க டீச்சர், நம்ம வீட்ல தங்கலாம்."

"வேணாம் டீச்சர். ஒங்களுக்கு எதுக்குச் செரமம்?"

"சரி டீச்சர், ஒங்க இஷ்டம்" என்றேன். டீச்சர் பேச்சை மாற்றி, "அங்க வெயில் எப்புடி?" என்று கேட்டார்.

நேற்று அவர் மகள் மறுபடி பேசினாள். "பெட்டியெல்லாம் எறக்கி வச்சிருந்தாங்க ஆன்ட்டி. எப்புடியும் இன்னொரு தரம் கூப்புடுவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

பாவி நான். எங்கே ஊர்க்காரியாக இருக்க வேண்டுமோ அங்கே லியோன்காரியாக இருந்துவிட்டேன்.

அவர் தந்த ஷூ என்னிடம் இருக்கிறது. இன்று காலை அதைப் போட்டுக்கொண்டுதான் கடைவீதிக்கு நடந்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் வேண்டாம் என்றால் இப்போது நான் விடுவதில்லை, கையைப் பிடித்து உட்கார வைக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த இரண்டும்தான்.

வாங்க டீச்சர். செரமமெல்லாம் ஒண்ணுமில்ல. வாங்க.