ஐம்பத்து மூன்றாம் நம்பர்

யாராவது ஜின் கதை தொடங்கினால் பிளேன்டீக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போகிற ஆள் நான். எல்லாவற்றுக்கும் ஒரு வயர் இருக்கும், ஒன்றில் கழன்றிருக்கும், இல்லையென்றால் எலி கடித்திருக்கும், அவ்வளவுதான் என் கட்சி. இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை.

கல்முனையில் ஒரு புடவை மொத்தக்கடையில் நெட்வொர்க் பார்க்கிறேன். அங்குள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் போனுக்கும் ஐ.பி. என்று ஒரு நம்பர், வீட்டிலக்கம் மாதிரி. ஒரே நம்பரை இரண்டுக்குக் கொடுத்தால் இரண்டும் மல்லுக்கு நிற்கும், அதனால் பிரித்துக் கொடுப்பது என் வேலை. என் கணவர் அதே கடையின் பின் ஸ்டோரில் இருந்தார். கலியாணம் முடித்த கிழமையே அவருடைய போனுக்கு ஐம்பத்து மூன்றை ஒதுக்கி வைத்தேன். "சீதன வீடும் தந்து நம்பரும் தாறியா புள்ள?" என்று சிரித்தார்.

லீவு நாளொன்றில் தன் மச்சானோடு தோணியில் கடலுக்குப் போனார். தோணி புரண்டது. மச்சானும் இன்னொருவரும் நீந்தி வந்து, அவர் தாழ்ந்ததைக் கண்டோம் என்றார்கள். மையித்துக் கிடைக்கவில்லை, கடல் உடலைத் திருப்பித் தரவில்லை. போன் அவருடைய சேர்ட் பொக்கற்றில் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, எதுவுமே வரவில்லை. மையித்தைக் காணாமல் எப்படி இத்தா இருப்பது, விதவை என்று எப்படி வீட்டுக்குள் அடங்குவது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கண்ட சாட்சி ரெண்டு பேர் இரிக்காங்க மகள், மௌலவியும் செல்லிட்டார். இனியாவது இத்தாவில இரி," என்றார் வாப்பா.

வேலையை ஒப்படைக்க வெள்ளிக்கிழமை கடைக்குப் போனேன். ஜும்ஆவுக்குக் கடையைப் பூட்டிவிட்டு ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குப் போயிருந்தார்கள். என் இடத்துக்கு வந்த சஜீனாவும் தொழ மேலே போய்விட்டாள். ஐம்பத்து மூன்றை அழிக்க வேண்டும். அழிக்குமுன் அந்த நம்பரில் ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம், அதற்குப் பிங் என்று பெயர். கேட்டேன். பதில் வந்தது.

வேறு ஏதோ அந்த நம்பரை எடுத்துவிட்டது என்று பார்த்தால், அல்லாஹ் அறிய, அவருடைய போன்தான், பின் ஸ்டோர் வைஃபையில் நிற்கிறது என்று காட்டியது. போய்ப் பார்த்தேன். சாரன் துணிக் கட்டுகள், அவர் உட்காரும் ஸ்டூல், வேறொன்றுமில்லை. ஸ்டூலில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்தபோதும் பதில் வந்துகொண்டேயிருந்தது. வாப்பாவிடம் என்ன சொல்வது, பிங்குக்குப் பதில் தருகிறார், இத்தா இருக்கமாட்டேன் என்றா? அழித்தேன். அழிப்பது பதிவைத்தான், போன் அந்த நம்பரிலேயே கொஞ்சம் நிற்கும்; அழித்த உடனே பதில் நிற்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் நின்றது. மறுநாள் இத்தாவுக்கு வெள்ளை உடுத்து அறைக்குள் இருந்தேன்.

நாலு மாதமும் பத்து நாளும் இத்தா முடிந்து வேலைக்கு வந்த அன்று சஜீனா சொன்னாள்: "ராத்தா, அம்பத்திமூண்ட மட்டும் ஒருத்தருக்கும் குடுக்க ஏலாம இரிக்கி. ஆரோ பாவிக்காங்க எண்டு காட்டுது."

"எந்நேரமுமா?"

"ஓம் ராத்தா. நீங்க போன மத்த நாளையில இருந்து."

ரவுட்டரை மாற்றினோம், வயரை மாற்றினோம், பின் ஸ்டோர் வைஃபையைக் கழற்றியே வைத்தோம். எலியும் இல்லை.

வாப்பா இப்போது எனக்கு மாப்பிள்ளை பேசுகிறார். நிந்தவூர் ஆள், நல்ல மனிதராம். ஓம் என்று சொல்லலாம் என்று நினைக்கும் நாட்களில் கடைக்கு நேரத்தோடு போய், ஐம்பத்து மூன்றை ஒருமுறை கேட்டுப் பார்க்கிறேன். இன்றைக்குக் காலையிலும் பதில் வந்தது.