ஜன்னலில் பிடித்துப் பார்த்த ரத்தம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைதான் போனேன், அதிலும் மழைக்காலம் பூரா லீவு. ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்தது மறந்து போகிறது. முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நடந்தது எழுபதுகளில். வருஷம் நினைவில்லை. தம்பி அப்போது அம்மா வயிற்றில் இருந்தான், அது மட்டும் நிச்சயம். சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். அம்மா கொழுந்து எடுத்தாள், அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கெல்லாம் ரத்தம் பார்ப்பார்கள். ரத்தம் குறைவு என்று தெரிந்தால் லாரியில் ஏற்றிக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, பிள்ளை பிறக்கும் வரை அங்கேயே படுக்க வைத்துவிடுவார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதற்கு முந்தின மழைக்கு எங்கள் லயத்திலிருந்து அப்படிப் போன ஒருத்தி அதே லாரியில் போர்த்திய துணிக்குள் திரும்பி வந்தாள். அதிலிருந்து ரத்தம் பார்க்கும் நாள் என்றாலே பெண்களுக்கு உதறல். முந்தின நாள் பீட்ரூட்டை அவித்து, அந்தத் தண்ணீரையும் குடித்துவிட்டுப் போவார்கள். சிவப்பாகக் குடித்தால் சிவப்பாக ஊறும் என்று கணக்கு.

அம்மா விறகுக் குச்சி மாதிரி இருப்பாள். அவளுக்குப் பீட்ரூட் போதாது என்று லயமே சொன்னது. அம்மாவுக்கும் அதில் சந்தேகமில்லை. லாரியை நினைத்து நினைத்துச் சோறு இறங்காமல் இன்னும் குச்சியானாள்.

அந்தச் சமயத்தில்தான் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. மீனாட்சிபுரத்தில் மாடு கன்று உள்ள வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தது. அம்மாவுக்குப் பிரசவம் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னாள். முகம் இட்டிலி மாதிரி உப்பி, கையும் காலும் தடித்து, நடந்தால் மூச்சு வாங்கும். பால்காரர் வீட்டு உடம்பு என்று எல்லோரும் கண் வைத்தார்கள். மதினி என்ற எங்கள் பக்கத்துச் சொல்லை விடாமல், அந்த ஊர் ‘ங்க’வையும் சேர்த்துக்கொண்டு பேசுவாள். நான் பின்னாலேயே போய்ப் பேசிப் பார்த்து அடி வாங்கியிருக்கிறேன்.

ரத்தம் பார்க்கிறதுக்கு முந்தின சாயங்காலம் அத்தைதான் அந்த யோசனையைச் சொன்னாள்.

“ஏனுங் மதினி, உங்க பேருல நானு போய் ரத்தங் குடுத்துட்டு வந்தா என்னங்க?”

“ஏட்டி, மாட்டிக்கிட்டா மானம் போயிரும்.”

“என்னைய இங்க ஆருக்குங்க தெரியும்? நர்ஸம்மாவும் புதுசுங்கறீங்க.”

அப்பா வாயிலிருந்த பீடியை எடுத்துவிட்டுச் சிரித்தார். “இவ ரத்தத்த ஊத்துனா அந்தக் குழாயே வெடிச்சுரும்லா.”

சிரித்த பிறகு யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படித்தான் முடிவானது.

மறுநாள் அத்தை ஒரு பழைய கம்பளியைச் சுருட்டி வயிற்றில் கட்டிக்கொண்டு, இன்னொரு கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டாள். மூடுபனியை அங்கே மஞ்சு என்போம்; மஞ்சு காலத்தில் லயத்துப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் போவார்கள். எஸ்டேட் பதிவில் அம்மாவின் பேர் நம்பர் அத்தைக்குத் தெரியாது என்று என்னையும் கூட அனுப்பினார்கள்.

நர்ஸம்மா மலையாளத்துப் பெண், சின்ன வயசு. விரலில் குத்தி, மெல்லிய குழாயில் ரத்தத்தை உறிஞ்சி, இன்னொரு சின்னக் குழாயில் இருந்த ஆசிட்டில் விட்டாள். சிவப்பாகப் போன ரத்தம் கொஞ்ச நேரத்தில் பால் விடாத கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்தது. பிறகு அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, கண்ணாடிக் குச்சியால் கலக்கி, ஒவ்வொரு தடவையும் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பழுப்புக் கண்ணாடித் துண்டு இருந்தது. குழாயின் நிறம் வெளுத்து வெளுத்து அந்தக் கண்ணாடியின் நிறத்துக்கு வந்ததும் நிறுத்தி, தண்ணீர் எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பாள்.

ஜன்னலில் மஞ்சு வந்து அடைத்தால் வேலையை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். லைட்டைப் போட்டுப் பார்த்தால் என்ன என்று வரிசையில் ஒருத்தி கேட்டதற்கு, “பல்பு வெட்டத்துல நிறம் சரியா தெரியாது அம்மா, வெளியில வெளிச்சம் வரட்டும்,” என்றாள்.

அத்தைக்கு முன்னால் இருந்தவளுடைய குழாயில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தாள். கறுப்பு போகவே மாட்டேன் என்றது. அத்தையுடையதில் சில சொட்டுத்தான். கலக்கித் தூக்கிப் பிடித்தால் ஜன்னல் அப்படியே அதற்குள் தெரிந்தது. சீக்கிரம் முடிந்தது, நல்ல ரத்தம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நர்ஸம்மா குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் விரலில் குத்தி முதலிலிருந்து செய்தாள். அதுவும் அப்படியே.

“இது ரத்தமா, பச்சை வெள்ளமா, தண்ணியா? இதை வச்சிட்டு நீ எப்படி இத்தற தூரம் நடந்து வந்தே?”

“உங்க குழாய் ஓட்டைங்களா பாருங்க. நானு பால் குடிக்கிற ஊட்டுக்காரிங்க.”

“குழாய்க்கு ஒண்ணுமில்லை. ரத்தத்துல சத்து இருந்தா அது வெளிச்சத்தைப் பிடிச்சு வைக்கும், எத்தற தண்ணி விட்டாலும் சட்டுனு வெளுக்காது. உன்னோடது நாலு சொட்டுலே வெளிச்சத்தை அங்ஙன விட்டுடுச்சு. உள்ளே வந்து படு, வயிறு பார்க்கணும்.”

அத்தை மாட்டேன் என்று கம்பளியை இறுக்கிப் பிடித்தாள். நர்ஸம்மா விடவில்லை. கம்பளியை விலக்கினால் உள்ளே இன்னொரு கம்பளி. வராந்தாவில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் டாக்டர் எழுந்து வந்துவிட்டார்.

நர்ஸம்மா மட்டும் சிரிக்கவில்லை. அத்தையின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினாள். எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. “இது தடிச்ச உடம்பு இல்லை. நீர்,” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “போய் அம்மாவைக் கூட்டிட்டு வா,” என்றாள்.

அம்மா திருட்டுப் பிடிபட்டவள் மாதிரி வந்து விரலை நீட்டினாள். குழாயில் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. மஞ்சு வந்து மறைத்து, விலகி, மறுபடியும் சொட்டு விட்டு, கடைசியில் நர்ஸம்மா தலையாட்டினாள். லாரி வேண்டாம், மாத்திரை போதும். குச்சிக்குள் அவ்வளவு ரத்தம் இருந்தது அம்மாவுக்கே நம்ப முடியவில்லை.

“லாரியில இவளைத்தான் அனுப்பணும்,” என்று நர்ஸம்மா அத்தையைக் காட்டினாள். “எஸ்டேட் ஆள் இல்லைன்னாலும் டாக்டர்கிட்ட நான் பறைஞ்சு சரி பண்றேன்.”

“அய்யோ, மாடு கறக்க ஆளில்லீங்க,” என்றாள் அத்தை. பிரசவம் முடியும் வரை இருக்க வந்தவளுக்கு அப்போதுதான் மாட்டு நினைவு வந்தது.

அன்று ராத்திரிச் சோறு எங்கள் வீட்டில் ஒரே சிரிப்பு. அம்மா மாசக்கணக்கில் சிரிக்காததையெல்லாம் சேர்த்துச் சிரித்தாள். “குழாய்க்கு ஆள் அடையாளம் தெரியலட்டி,” என்றார் அப்பா. அத்தையும் சிரித்தாள். தட்டைக் கழுவிக்கொண்டே, “அப்ப மதினிக்குத்தான் ஒண்ணுமில்லீங்களே, இனி நானு இங்க வேண்டாமுங்களா?” என்றாள்.

“எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்னு நர்ஸம்மாவே சொல்லிட்டா. நீ போயி உன் மாட்டப் பாரு,” என்றாள் அம்மா. பிரியமாகத்தான் சொன்னாள். அத்தை சரிங்க என்றாள்.

தம்பி லயத்திலேயே பிறந்தான். அவன் குப்புற விழுகிற சமயத்தில் மீனாட்சிபுரத்திலிருந்து ஆள் வந்து அத்தைக்கு முடியவில்லை என்று சொல்லி, அப்பா மூணாறு போய் உடுமலை வழியாகப் போனார். அவர் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்த வீட்டில் பால் முழுதும் கேனில் ஊற்றி அனுப்பத்தானாம். அத்தை எல்லோருக்கும் கடைசியாகச் சாப்பிடுவாளாம், மிச்சம் இருந்தால். திரும்பி வந்து அப்பா இதைச் சொன்னார். குழாய்ப் பேச்சை எடுக்கவில்லை.

அன்று அத்தை தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டது இங்கேயே இருக்கட்டுமா என்கிற கேள்வி என்பது எனக்கு அப்போது தெரியாது. அவள் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தாள் என்றுதான் வெகு காலம் நினைத்திருந்தேன். அம்மாவும் அப்படி நினைத்துத்தான் சொன்னாள்.

குழாய், ஆசிட், பழுப்புக் கண்ணாடி எல்லாம் நான் எழுதியிருப்பது போலத்தானா என்று ஆஸ்பத்திரி வேலை தெரிந்த யாராவது பார்த்துத் திருத்த வேண்டும். நர்ஸம்மா சொன்ன அந்த லாரி கீழே போனது மறுநாளா, அதற்கு அடுத்த நாளா என்பதும் எனக்குத் திட்டமாகத் தெரியாது. எந்த நாளாக இருந்தாலும், அத்தை ஏறிய பஸ் அதற்கு முன்னாலேயே போய்விட்டது.